பரலோகத்தைச் சவ அடக்கத்துக்கு மட்டும் ஒதுக்காதீர்கள்: ரங்கூன் தமிழ்ச் சபைகளின் போதகர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய போதகர் ஐயாமாருக்கும், சபைக் கமிட்டி அண்ணன்மார் அக்காமாருக்கும் கர்த்தருடைய நாமத்தில் ஸ்தோத்திரம்.

இதை ஒரு சபைக்கு மட்டும் எழுதவில்லை. மெதடிஸ்ட், பாப்டிஸ்ட், ஆங்கிலிக்கன், பெந்தெகொஸ்தே என்று வாசலில் எந்தப் பலகை தொங்கினாலும், ரங்கூனிலும் பெகு பக்கத்துக் கிராமங்களிலும் தமிழில் ஆராதனை நடத்துகிற எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். பெயர் சொல்லிக் குறைகூறும் எண்ணம் இல்லை. குறை எங்கும் ஒன்றாகவே இருப்பதால் அதற்குத் தேவையும் இல்லை.

யாராவது இறந்தால்தான் நாம் பரலோகத்தைப் பற்றிப் பேசுகிறோம். யேவே கல்லறைத் தோட்டத்தில் குழியின் ஓரத்தில் நின்றுகொண்டு, நம்பிக்கையற்றவர்களைப் போல நீங்கள் துக்கிக்க வேண்டாம் என்று பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதியதை வாசிக்கிறோம். எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையசைக்கிறோம். வாடகை பஸ்ஸில் ஏறித் திரும்பும்போது பாதி வழியிலேயே பேச்சு தங்க விலைக்குப் போய்விடுகிறது. அடுத்த ஞாயிறு பிரசங்கம் தடைகளை உடைப்பது பற்றியோ, தொழிலில் உயர்வது பற்றியோ இருக்கும். சாவு வீட்டுக்கு மட்டும் எடுக்கிற வெள்ளைச் சேலையைப் போலப் பரலோகத்தைப் பெட்டியில் மடித்து வைத்திருக்கிறோம்.

இத்தனைக்கும் பவுல் அந்த நிருபத்தை உயிரோடு இருந்தவர்களுக்குத்தான் எழுதினார். கர்த்தருடைய வருகையைப் பற்றிச் சொல்வதற்கு முந்தின வரிகளைப் படித்துப் பாருங்கள். அமைதலாயிருங்கள், உங்கள் சொந்த வேலையைப் பாருங்கள், உங்கள் கைகளால் உழையுங்கள் என்கிறார். சந்தைக்குப் போய் வருகிறவர்களுக்கும் தறியில் உட்காருகிறவர்களுக்கும் சொன்ன சொல்லை நாம் கல்லறைத் தோட்டத்தின் சொத்தாக்கிவிட்டோம்.

டிசம்பர் 31 இரவு ஆராதனையில் கொடுக்கிற வாக்குத்தத்த அட்டைகளைப் பாருங்கள். பழைய அட்டைகளை வேதாகமத்துக்குள் செருகி வைக்கும் வழக்கம் எனக்கு உண்டு. ஆகவே ஆதாரத்தோடுதான் பேசுகிறேன். 'கர்த்தர் உன்னை வாலாக்காமல் தலையாக்குவார்' என்ற உபாகமத்து வசனம் திரும்பத் திரும்ப வருகிறது. சபையில் எல்லோரும் தலையாகிவிட்டால் வால் யார் என்று ஞாயிறு பள்ளிப் பையன் ஒருவன் கேட்டான். நல்ல கேள்விதான். 'உன்னை ஆசீர்வதித்து, உன் பேரைப் பெருமைப்படுத்துவேன்' என்பது அடிக்கடி வருகிற இன்னொன்று. இவையெல்லாம் வேதவசனங்கள், இவற்றின்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் 'நான் மறுபடியும் வந்து உங்களை என்னிடத்தில் சேர்த்துக்கொள்ளுவேன்' என்பதும் வாக்குத்தத்தம்தானே? மரணத்துக்கு முந்தின இரவில் இயேசு தம் வாயாலேயே சொன்னது. அதை ஓர் அட்டையிலும் நான் பார்த்ததில்லை. கேட்டதற்குக் கமிட்டியில் ஒருவர், ஜனவரி முதல் தேதி அந்த அட்டை யார் கைக்குப் போகிறதோ அந்த வீட்டில் அழுகைச் சத்தம் கேட்கும் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். சிரித்துத்தான் சொன்னார், ஆனாலும் அதுதான் நம் நிலைமை. ஆண்டவர் நம்மைச் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னது நம் காதுக்குக் கெட்ட செய்தியாகப் படுகிறது.

இப்போது கவனச்சிதறலுக்கு வருகிறேன். இதைப் பற்றி நீங்கள் பேசாமல் இல்லை. கைப்பேசியை அணையுங்கள், சீரியல் பார்க்காதீர்கள், முகநூலில் நேரத்தைக் கொல்லாதீர்கள் என்று கண்டிக்கிறீர்கள். கண்டிப்பு நியாயமானது. 2021-இல் முகநூலைத் தடைசெய்த பிறகும் சுற்றுவழியில் புகுந்து பார்க்கிறவர்கள்தானே நாம். ஆனால் நம்முடைய ஜனங்கள் அந்தக் கைப்பேசியில் எதைத் தேடுகிறார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? இன்றைய டாலர் விலை. அரிசி மூட்டை விலை. எந்த வட்டாரத்துக்கு எத்தனை மணிக்கு மின்சாரம். மலேசியாவிலும் தாய்லாந்திலும் இருக்கிற பிள்ளை செய்தி அனுப்பியிருக்கிறானா. பணம் கைமாற்றுகிற ஆள் பதில் போட்டானா. இதைப் பொழுதுபோக்கு என்று எப்படிச் சொல்வது? கேளிக்கையில் மயங்கியவனைக் கண்டிக்கிற குரலில் கவலையில் மூழ்கியவளைக் கண்டித்தால் அவளுக்கு இன்னொரு கவலைதான் கூடுகிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மின்சாரம் வருகிறது என்றால் ஆலயத்தில் பாதி நாற்காலி காலி. மோட்டார் போட்டுத் தண்ணீர் ஏற்ற வேண்டும், பாட்டரியை மின்னேற்ற வேண்டும், சோறு வடிக்க வேண்டும், பள்ளிக்கூடத்துச் சட்டைகளுக்கு இஸ்திரி போட வேண்டும். எல்லாவற்றையும் அது போவதற்குள் செய்தாக வேண்டும். வருகிறவர்களும் மனத்தளவில் வீட்டுத் தொட்டியின் பக்கத்தில்தான் நிற்கிறார்கள். இந்த மக்களை உலகப் பற்றுள்ளவர்கள் என்று மேடையிலிருந்து சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. ஆனால் அவர்களுடைய நிலைமை ஆபத்தில்லாதது என்று சொல்லவும் மாட்டேன். ஏனென்றால் ஆண்டவர் அப்படிச் சொல்லவில்லை. லூக்கா 21-ஆம் அதிகாரத்தில் யுத்தங்களையும் பூமியதிர்ச்சிகளையும் பஞ்சங்களையும் முன்னறிவித்துக்கொண்டே வந்தவர், முடிவில் சீஷர்களுக்கு ஓர் எச்சரிப்புக் கொடுக்கிறார்: உங்கள் இருதயங்கள் 'பெருந்திண்டியினாலும் வெறியினாலும் லவுகீக கவலைகளினாலும்' பாரமடையாதபடி பார்த்துக்கொள்ளுங்கள் என்கிறார். குடிகாரனும் கவலைக்காரியும் ஒரே வாக்கியத்தில் நிற்கிறார்கள். இருவருக்கும் இருதயம் கனத்துப்போகிறது. இருவராலும் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அதற்குச் சில வரிகள் முன்னால்தான், உங்கள் தலைகளை உயர்த்துங்கள், உங்கள் மீட்பு சமீபமாயிருக்கிறது என்று அவர் சொல்லியிருந்தார்.

நாம் முதல் பாதியை எடுத்துக்கொண்டு இரண்டாம் பாதியை விட்டுவிட்டோம். பாரத்தைப் பற்றிப் பேசுகிறோம். தலையை உயர்த்தி எதைப் பார்ப்பது என்று சொல்வதில்லை. பார்ப்பதற்கு ஒன்றும் காட்டாமல் கைப்பேசியை மட்டும் கீழே வை என்றால் கண் எங்கே போகும்? மறுபடியும் அங்கேதான் போகும்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். பரலோகத்தைப் பற்றிப் பேசுங்கள் என்றால் சிலர் உடனே வெளிப்படுத்தின விசேஷத்து மிருகத்தின் இலக்கமான 666-ஐ எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். 2025 மார்ச் 28-ஆம் தேதி மண்டலேயையும் சகாயிங்கையும் குலுக்கிய நிலநடுக்கத்தில் 3,000-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். கடைசி நாள் எப்போது என்று கணக்குப் போடுகிற வேலையை அந்த வாரமே சிலர் தொடங்கிவிட்டார்கள். அந்த நாளையும் நாழிகையையும் குமாரனும் அறியார் என்று மாற்கு 13-இல் எழுதியிருக்கும்போது, நம் ஊர்க் கணக்குப்பிள்ளைகளுக்கு மட்டும் எப்படித் தெரிந்தது? பயம் வேறு, நம்பிக்கை வேறு. பயமுறுத்துகிற பிரசங்கத்தைக் கேட்டுவிட்டு வந்தவர்கள் முன்பைவிட அதிகமாகத்தான் கைப்பேசியைத் தடவுகிறார்கள். எனக்கு வேண்டியது அதுவல்ல.

சரி, நம்மிடம் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். பர்மாத் தமிழ்க் கிறிஸ்தவனைப் போலப் பரலோகப் பாடத்தைப் படிக்கத் தகுதியான மாணவன் உலகத்தில் வேறெங்கும் அதிகம் இருக்க மாட்டான். இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை. பூச்சியும் துருவும் கெடுக்கிற, திருடர் கன்னமிட்டுத் திருடுகிற பொக்கிஷத்தைப் பற்றி மலைப்பிரசங்கத்தில் கேட்கும்போது மற்ற தேசத்தார் கற்பனை செய்ய வேண்டியிருக்கும். நமக்குத் தேதியே தெரியும்.

1941 டிசம்பர் 23-ஆம் தேதி ரங்கூன்மேல் ஜப்பானியக் குண்டுகள் விழுந்தன. அடுத்த சில மாதங்களில் ஏறத்தாழ 5 லட்சம் இந்தியர் வீட்டைப் பூட்டியும் பூட்டாமலும் கிளம்பி, அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் நடந்தார்கள். பல்லாயிரம் பேர் வழியிலேயே விழுந்தார்கள். திரும்பி வந்தவர்களும் போகாமல் இருந்தவர்களும் மறுபடியும் கடை வைத்தார்கள், நிலம் உழுதார்கள். 1964 மார்ச்சில் கடைகள் அரசுடைமையாயின. அதே ஆண்டு மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். மகளுடைய கல்யாணத்துக்கென்று தகரப்பெட்டியில் சேர்த்து வைத்திருந்தவர் ஒரே இரவில் ஏழையானார். கப்பல் கப்பலாக மக்கள் சென்னைக்குப் போனார்கள். துறைமுகத்தில் மூக்குத்தியைக்கூட விடவில்லை என்று பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். இருந்தவர்கள் மறுபடியும் சேர்த்தார்கள். 1987 செப்டம்பரில் 25, 35, 75 கியாட் நோட்டுகள் போயின, இந்தத் தடவை ஈடாக ஒன்றும் கிடைக்கவில்லை.

எபிரெயர் நிருபத்தின் 10-ஆம் அதிகாரத்தில் ஒரு வசனம் உண்டு. பரலோகத்தில் மேன்மையும் நிலையுமுள்ள சுதந்தரம் உங்களுக்கு உண்டென்று அறிந்து, 'உங்கள் ஆஸ்திகளையும் சந்தோஷமாய்க் கொள்ளையிடக் கொடுத்தீர்கள்' என்கிறது அது. இந்த வசனத்தின்மேல் ஒரு பிரசங்கமாவது உங்கள் சபையில் நடந்ததுண்டா? 1964-ஐக் கண்ணால் கண்டவர்கள் இன்னும் நம் ஆலயங்களில் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். எழுபதும் எண்பதும் தாண்டியவர்கள். அவர்கள் சந்தோஷமாய்க் கொடுத்தார்களா, சபித்துக்கொண்டு கொடுத்தார்களா, பறிகொடுத்த பிறகும் எப்படி ஆலயத்துக்கு வந்தார்கள், வந்து என்ன பாடினார்கள் என்று யாரும் கேட்டதில்லை. கேட்காமலேயே ஒவ்வொருவராக யேவேக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

குடியுரிமையும் அப்படித்தான். 1982-ஆம் ஆண்டுச் சட்டம் குடிமக்களை மூன்று தரமாகப் பிரித்தது. இளஞ்சிவப்பு அட்டை, நீல அட்டை, பச்சை அட்டை என்று மூன்று நிறம். நம்மில் பலர் தாத்தா காலத்து வெளிநாட்டார் பதிவுச் சீட்டை இன்னமும் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருக்கிறோம். இங்கேயே பிறந்து இங்கேயே கிழவனான ஒருவர் அலுவலகத்தில் எந்த வரிசையில் நிற்பது என்று தெரியாமல் தவிப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். இந்த ஜனத்தின் முன்னால் 'நம்முடைய குடியிருப்போ பரலோகத்திலிருக்கிறது' என்று பிலிப்பியர் நிருபத்தை வாசித்தால் எப்படி இருக்கும்! பிலிப்பி ரோமக் குடியேற்ற நகரம். ரோமக் குடியுரிமைக்கு அங்கே இருந்த மதிப்பைப் பவுல் நன்றாக அறிந்தவர். அந்த உரிமைக்காகத் தவித்தவர்களுக்குத்தான் அந்த வரியின் ருசி தெரியும். நாமோ அதை வாசித்துவிட்டு, மறுமூச்சில் வெளிநாட்டு விசாவுக்காக விசேஷ ஜெபம் என்று அறிவிக்கிறோம். விசாவுக்கு ஜெபிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. என் வீட்டிலும் ஜெபிக்கிறோம்.

நம்முடைய கல்லறைகள்கூட நிலையாக நிற்கவில்லை. 1990களில் ரங்கூன் நகரத்துக்குள் இருந்த பழைய கல்லறைத் தோட்டங்களைக் காலிசெய்யச் சொன்னார்கள். முடிந்தவர்கள் எலும்புகளை எடுத்துக்கொண்டு போய் வெளியே புதைத்தார்கள். ஆள் இல்லாத குடும்பத்துக் கல்லறைகள் என்னவாயின என்பதை நான் எழுத விரும்பவில்லை. 1942-இல் வழியில் விழுந்தவர்களுக்குக் கல்லறையே இல்லை. இப்படிப்பட்ட சமுதாயத்துக்குச் சரீர உயிர்த்தெழுதல் என்பது வேதாகமப் பள்ளிக்கூடத்துப் பாடம் அல்ல. அப்பனுடைய எலும்பு எங்கே கிடக்கிறதென்று தெரியாத மகனுக்கு, கூப்பிடுகிறவருக்கு அந்த இடம் தெரியும் என்று சொல்ல வேண்டியது உங்கள் கடமை. அதை ஏன் ஈஸ்டர் காலையில் மட்டும், அதுவும் பலகாரத்துக்கு நேரமாகிறது என்ற அவசரத்தில் சொல்கிறீர்கள்?

வாலிபர்கள் என்ன சொல்வார்கள் என்று தெரியும். கட்டாய ராணுவ ஆள்சேர்ப்புச் சட்டம் 2024 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தபின் பல வீடுகளில் பையன்கள் இல்லை. இருக்கிறவர்களும் இருட்டினால் வெளியே போவதில்லை. ஊர் இப்படிக் கிடக்கும்போது மேலே பார்த்துக்கொண்டு பாடுவது கண்ணை மூடிக்கொள்வதற்குச் சமம் என்று வாலிபர் கூடுகையில் ஒரு தம்பி என்னிடம் வாதாடினான். அவனுடைய கோபத்தை நான் மதிக்கிறேன். அநியாயத்தைப் பார்த்துவிட்டு 'எல்லாம் மேலே சரியாகும்' என்று சொல்லி வாயடைக்கிற பிரசங்கம் உண்டு. அதைவிடப் பேசாமல் இருப்பதே மேல்.

ஆனால் மேலே பார்த்தவர்கள் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார்களா என்று நம் ஊர்க் கதையிலேயே தேடலாம். அமெரிக்க மிஷனெரி அதோனிராம் ஜட்சன் 1813-இல் ரங்கூனுக்கு வந்தார். முதல் பர்மிய விசுவாசி மவுங் நோ ஞானஸ்நானம் பெற்றது 1819-இல். இடையில் ஆறு ஆண்டுகள் காட்டுவதற்கு ஒரு பலனும் இல்லை. ஆவாவில் சிறையிருந்தார், காலில் விலங்கோடு கிடந்தார். 1826-இல் மனைவியையும், சில மாதங்களில் குழந்தையையும் இழந்தார். துக்கத்தில் மனம் உடைந்து காட்டோரத்தில் தனியே வாழ்ந்த காலமும் அவருக்கு உண்டு. இத்தனைக்கும் நடுவில் வேதாகமம் முழுவதையும் பர்மிய மொழிக்குக் கொண்டுவந்தார், அகராதி எழுதினார். மறுமையை நம்பியவர் செய்த இந்த வேலையைத்தான், தமிழ் எழுத்துத் தெரியாத நம் பிள்ளைகள் இன்றைக்கு மடியில் வைத்து வாசிக்கிறார்கள். ஆறு வருடம் காத்திருக்க ஒருவருக்கு எங்கிருந்து பலம் வரும்? அந்தத் தம்பியிடம் இதைத்தான் கேட்டேன். அவன் ஒப்புக்கொள்ளவில்லை, யோசிக்கிறேன் என்றான். ரோமர் 8-இல் சிருஷ்டி முழுவதும் ஏகமாய்த் தவித்துப் பிரசவ வேதனைப்படுகிறது என்று பவுல் எழுதியதை அவனுக்கு விளக்கிச் சொல்ல நான் போதாது. அது உங்கள் வேலை. வேதனையை மறைக்காமல் சொல்லிவிட்டு, அதற்கு அப்பால் பிறப்பு இருக்கிறது என்கிற அந்த அதிகாரம் இன்றைய வாலிபருக்கென்றே எழுதியது போல இருக்கிறது.

நம் தெருவைப் பாருங்கள். விடியற்காலையில் பௌத்தத் துறவிகள் பாத்திரம் ஏந்தி வரிசையாக வருகிறார்கள். எதிர்வீட்டு அம்மா அரிசி விலை எவ்வளவு ஏறினாலும் ஒரு கரண்டிச் சோற்றை எடுத்துக்கொண்டு செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிறார். அடுத்த பிறவியை நினைத்துத்தான் நிற்கிறார். நம் சொந்தக்காரர்களிலேயே இந்துக்கள் விரதமிருந்து காவடி எடுக்கிறார்கள், தீ மிதிக்கிறார்கள். அவர்கள் நம்புவது வேறு, நாம் நம்புவது வேறு. ஆனால் கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்காகத் தினசரி வாழ்க்கையில் ஒரு கரண்டி இடம் ஒதுக்குகிறார்கள். மறுமை நிச்சயம் என்று மேடை போட்டுச் சொல்கிற நாம் திங்கள் முதல் சனி வரை அதற்கு ஒதுக்கியது என்ன?

பிள்ளைகள் விஷயத்தில் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அது என் வேலை. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளிடம் பரலோகம் எப்படி இருக்கும் என்று கேட்டால் மேகம், வெள்ளை அங்கி, முடிவில்லாத ஆராதனை என்கிறார்கள். அங்கே போக ஆசையா என்றால் பதில் வருவதில்லை. மூன்று மணி நேர ஆராதனையில் நெளிகிற பிள்ளைக்கு முடிவே இல்லாத ஆராதனை தண்டனையாகத்தான் தெரியும். இந்தப் படத்தை அவர்களுக்கு யார் கொடுத்தது? வேதம் கொடுக்கவில்லை. வெளிப்படுத்தின விசேஷத்தின் கடைசி இரண்டு அதிகாரங்களைப் பிள்ளைகளோடு மெதுவாக வாசித்தோம். நகரம் வானத்திலிருந்து இறங்கி வருகிறது. நாம் ஏறிப் போவதாக அங்கே இல்லை. தேவன் மனுஷரிடத்தில் வந்து குடியிருக்கிறார். தெரு இருக்கிறது, நதி இருக்கிறது, மாதந்தோறும் கனி தருகிற மரம் இருக்கிறது, அதன் இலைகள் ஜனங்களை ஆரோக்கியப்படுத்துகின்றன. வாசல்கள் பூட்டப்படுவதில்லை. அங்கே இரவு இல்லை, விளக்கும் வேண்டுவதில்லை என்ற இடம் வந்ததும் ஒரு பெண்பிள்ளை "மீட்டர் பில்லும் கிடையாதா டீச்சர்?" என்றாள். சிரித்து முடிக்க வெகுநேரம் ஆனது. அதற்குப் பிறகுதான் அவர்கள் கேள்வி கேட்கத் தொடங்கினார்கள். செத்துப்போன பாட்டி என்னை அடையாளம் கண்டுகொள்வாளா? அங்கே வேலை உண்டா? எங்கள் நாய்? எல்லாவற்றுக்கும் பதில் எனக்குத் தெரியாது. தெரியாது என்றே சொன்னேன். என்ன மொழியில் பேசுவார்கள் என்ற கேள்விக்கு மட்டும் ஏழாம் அதிகாரத்தைக் காட்டினேன். சகல ஜாதிகளிலும் கோத்திரங்களிலும் பாஷைக்காரரிலும் இருந்து வந்து நிற்கிறார்களாம். கரேன், கச்சின், சின், பர்மியர் எல்லோரும் இருக்கிற கூட்டத்தில் தமிழும் கேட்கும். பர்மிய எழுத்தில் எழுதி வைத்துத் தமிழ்க் கீர்த்தனை பாடுகிற அந்தப் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

ஏசாயா 65-ஐயும் அவர்களுக்கு வாசித்தேன். புதிய வானமும் புதிய பூமியும் வரும்போது வீடு கட்டுகிறவனே அதில் குடியிருப்பான், நட்டவனே கனியைப் புசிப்பான். ஒருவன் கட்ட வேறொருவன் குடியிருப்பதில்லை. பின்வரிசையில் பேரனை அழைத்துப்போக வந்த தாத்தா ஒருவர் அதைக் கேட்டுவிட்டு, அந்த இடத்தைத் திரும்ப வாசிக்கச் சொன்னார். அவருடைய தகப்பனார் கட்டிய வீட்டில் யார் குடியிருக்கிறார்கள் என்பது இந்தத் தெருவுக்கே தெரியும்.

ஆகவே உங்களிடம் கேட்பது புதிதாக ஒன்றும் இல்லை. நம் ஆராதனை முறையிலேயே எல்லாம் இருக்கிறது. அதை அவசரமில்லாமல் செய்யுங்கள். விசுவாசப் பிரமாணம் சொல்கிற சபைகளில் 'சரீரம் உயிர்த்தெழுதலும், நித்திய ஜீவனும் உண்டென்று விசுவாசிக்கிறேன்' என்பதைத்தான் ரயிலைப் பிடிக்கிற வேகத்தில் சொல்கிறோம், முடிகிற இடம் என்பதால். ஒரு ஞாயிறு அந்த வரியில் நிறுத்தி, அதைப் பற்றியே பேசுங்கள். திருவிருந்தில் 'கர்த்தர் வருமளவும்' என்று வாசிக்கிறீர்கள். அப்பமும் ரசமும் வரிசையாகப் போவதற்குள் அந்தச் சொல்லை ஒரு நிமிடம் பிடித்து வையுங்கள். பிரமாணம் சொல்லாத பெந்தெகொஸ்தே சகோதரர்களே, வருகையைப் பற்றி உங்கள் முன்னோர் பிரசங்கித்த அளவுக்கு வேறு யாரும் பிரசங்கித்ததில்லை. உங்கள் மேடையிலும் இப்போது தொழில் ஆசீர்வாதம்தான் முழங்குகிறது. சென்னையிலிருந்து கைப்பேசி வழியாக வருகிற பிரசங்கங்களைக் கேட்டுக் கேட்டு நாம் அப்படி ஆகியிருக்கலாம். அவர்கள் ஊருக்கு அது பொருந்துகிறதோ என்னவோ, நமக்குப் பொருந்தவில்லை.

கிறிஸ்மஸுக்கு முந்தின ஆகமன நாட்களின் நான்கு ஞாயிறுகளைக் கெரோல் ஒத்திகைக்கும் கேக் ஆர்டருக்கும் கொடுத்துவிட்டோம். அந்த நாட்கள் முதல் வருகையை நினைப்பதற்கு எவ்வளவோ, இரண்டாம் வருகையை எதிர்பார்ப்பதற்கும் அவ்வளவு. இந்த ஆண்டு அவற்றில் ஒன்றைப் பெரியவர்களுக்குக் கொடுங்கள். 1964-இல் எதை இழந்தோம், எதைப் பற்றிக்கொண்டு நின்றோம் என்று அவர்கள் உட்கார்ந்த இடத்திலிருந்தே பேசட்டும். மேடை ஏறும் முழங்கால் அவர்களுக்கு இல்லை. யார் யாரிடம் கேட்கலாம் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன். சிலரை வீட்டிலிருந்து அழைத்துவர வண்டி வேண்டும். பெட்ரோலுக்கு வரிசையில் நிற்பதைக் கமிட்டி ஏற்றுக்கொண்டால் மற்றதை ஞாயிறு பள்ளி பார்த்துக்கொள்ளும்.

வாக்குத்தத்த அட்டைகளை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னால் வசனப் பட்டியலை ஒரு தரம் என்னிடமோ, என்னைப் போல நச்சரிக்கிற வேறு யாரிடமோ காட்டுங்கள். தலை, வால் எல்லாம் இருக்கட்டும். பத்துக்கு ஒன்றாவது யோவான் 14-இல் இருந்தோ, அழியாததும் மாசற்றதும் வாடாததுமாகிய சுதந்தரத்தைச் சொல்கிற முதலாம் பேதுருவில் இருந்தோ வரட்டும். அந்த அட்டை கிடைத்து யாராவது பயந்தால் என்னிடம் அனுப்புங்கள். நான் மாற்றிக்கொள்கிறேன்.

மின்சாரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஞாயிறு காலை எட்டரை மணிக்கு ஆலயத்துக்குப் பின்னால் உள்ள பள்ளி அறையில் இருப்பேன். பதிலை அங்கே வந்து சொல்லலாம்.

கர்த்தருடைய பணியில்,
ஞாயிறு பள்ளி ஆசிரியை ஒருத்தி
ரங்கூன்